ஃபோர் வீல் டிரைவ் பனியில் என்ன செய்யும், என்ன செய்யாது

கனடாவுக்கு வந்து முதல் கார் வாங்கப் போகிறவர்கள் அக்டோபர் வாக்கில் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஸ்னோவுக்கு ஃபோர் வீல் டிரைவ் எடுத்தே ஆகணுமா?" கேட்பவர் டொரன்டோ நகருக்குள்ளேயே வேலைக்குப் போய் வருபவர் என்றால் நான் சொல்வது, "தேவையில்லை, நல்ல வின்டர் டயரா பார்த்துப் போடுங்க." டொரன்டோவுக்கு வடக்கே உள்ள பாரி நகரையும் தாண்டி, பனி அதிகம் கொட்டும் மஸ்கோகா பக்கம் வீடோ வேலையோ அமைந்திருந்தால், "எடுங்க, ஆனா டயர்ல மிச்சம் பிடிக்காதீங்க." இரண்டு பதிலிலும் டயர் ஏன் வருகிறது என்பதைத்தான் இங்கே விளக்கப் போகிறேன்.

பெரும்பனி கொட்டிய மறுநாள் காலையில் டொரன்டோவிலிருந்து நெடுஞ்சாலை 400-இல் வடக்கே போனால், ஓரப் பள்ளத்தில் மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கும் வண்டிகள் கண்ணில் படும். அவை எல்லாம் சின்ன கார்கள் இல்லை. உயரமான எஸ்யூவிகளும் பிக்கப் டிரக்குகளும் தாராளமாகவே கிடக்கும். அவற்றில் பலவற்றில் ஃபோர் வீல் டிரைவ் ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கும். சாலையில் பனி இருப்பதே ஓட்டுபவருக்கு உறைக்காத அளவுக்கு அது வண்டியை நன்றாக வேகமெடுக்க வைத்திருக்கும். சிக்கல் தொடங்கியது அங்கேதான்.

இழுப்பது வேறு, நிற்பது வேறு

எஞ்சினின் விசை எந்தச் சக்கரங்களுக்குப் போகிறது என்பதுதான் "டிரைவ்" என்ற சொல்லின் மொத்தப் பொருள். இன்றைய கார்களில் பெரும்பாலானவை முன் சக்கரத்தால் இழுபடுபவை. பழைய கார்கள் பலவும் பிக்கப் டிரக்குகளும் பின் சக்கரத்தால் தள்ளப்படுபவை. நான்குக்கும் விசை போனால் ஃபோர் வீல் டிரைவ்.

பனியில் இதனால் என்ன லாபம்? ஒரு சக்கரம் எவ்வளவு விசையைத் தரையில் இறக்க முடியும் என்பதை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன: அந்தச் சக்கரத்தின்மேல் ஏறியிருக்கும் எடை, டயருக்கும் தரைக்கும் நடுவே உள்ள உராய்வு. காய்ந்த தார்ச்சாலையில் இந்த உராய்வின் அளவு ஏறத்தாழ 0.7. வண்டிகள் மிதித்து இறுகிய பனியில் 0.2 அளவுக்கு விழுந்துவிடும். ஐஸ் என்றால் 0.1, ஈரம் படிந்த ஐஸ் என்றால் அதற்கும் கீழே.

முன் சக்கர வண்டியில் எடையில் 60 சதவீதம் போல முன்பக்கம் இருக்கும். அந்த 60 சதவீதம் மட்டும்தான் இழுக்க உதவும். பின்னால் உள்ள மிச்சம் வெறும் சுமை. பின்னால் ஒன்றும் ஏற்றாத பிக்கப்பில் நிலைமை இன்னும் மோசம். எஞ்சின், கேபின் எல்லாம் முன்னால் இருக்க, தள்ள வேண்டிய பின் சக்கரத்தின்மேல் 40 சதவீதம்தான் மிஞ்சும். இறுகிய பனியில் ஒரு மேடு ஏற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலி பிக்கப் பின் சக்கரத்தில் மட்டும் ஓடினால், 100 மீட்டருக்கு 8 அல்லது 9 மீட்டர் உயரும் சரிவிலேயே திணறி நின்றுவிடும். முன் சக்கரக் கார் 11, 12 மீட்டர் வரை தாக்குப் பிடிக்கலாம். நான்கு சக்கரமும் இழுத்தால், முழு எடையும் பயன்படுவதால், கணக்குப்படி 20 மீட்டர் உயரும் சரிவு வரை ஏறிவிடும். மற்றவர்கள் சக்கரம் சுழற்றிக்கொண்டிருக்கும் மேட்டில் ஃபோர் வீல் டிரைவ்காரர் அலுங்காமல் ஏறிப் போவது இதனால்தான்.

இப்போது பிரேக்குக்கு வருவோம். தெருவில் ஓடும் எந்தக் காரை எடுத்துக்கொண்டாலும் பிரேக் நான்கு சக்கரத்திலும் இருக்கிறது. அறுபதாயிரம் டாலர் எஸ்யூவிக்கும் நான்குதான், பத்து வருடப் பழைய கொரோலாவுக்கும் நான்குதான். நிறுத்தும் வேலையில் ஃபோர் வீல் டிரைவ் புதிதாகச் சேர்க்க ஒன்றும் இல்லை. 1903-இல் நெதர்லாந்தின் ஸ்பைக்கர் நிறுவனம் நான்கு சக்கரமும் இயங்கும் பந்தயக் கார் ஒன்றைச் செய்தபோது அதில் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் வைத்தார்கள். அந்தக் காலத்தில் அது பெரிய புதுமை. அந்தப் புதுமை இன்று எல்லோருக்கும் பொது.

50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், பிரேக் பிடித்த புள்ளியிலிருந்து நிற்பதற்குக் காய்ந்த சாலையில் சுமார் 14 மீட்டர் எடுத்துக்கொள்ளும். இறுகிய பனியில் 49 மீட்டர். ஐஸில் 98 மீட்டர். முன்னால் இருப்பதைப் பார்த்து, மூளை சுதாரித்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் ஓடிவிடும் 20 மீட்டரை இதில் சேர்க்கவில்லை. 80 கிலோமீட்டர் என்றால் இதே கணக்கு 36, 126, 252 என்று போகும். வளைவும் இப்படித்தான். 100 மீட்டர் ஆரமுள்ள வளைவைக் காய்ந்த சாலையில் 90 கிலோமீட்டரைத் தாண்டியும் ஒருவர் எடுத்துவிட முடியும், இறுகிய பனியில் 50-ஐத் தொட்டாலே வண்டி வெளிப்பக்கம் வழுக்கத் தொடங்கும், ஐஸில் 36. இந்தக் கணக்குகளில் உராய்வு உண்டு, வேகம் உண்டு, வளைவின் ஆரம் உண்டு. எத்தனை சக்கரத்துக்கு எஞ்சின் விசை போகிறது என்ற எண்ணுக்கு எங்கேயும் இடம் இல்லை. வண்டியின் எடைகூட வராது. "என் வண்டி கனமான வண்டி, சும்மா பிடிச்சு நிக்கும்" என்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், நம்ப மாட்டார்.

இதில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது. முன் சக்கரக் காரில் சிக்னலிலிருந்து கிளம்பும்போதே சக்கரம் சர்ரென்று சுழலும், டாஷ்போர்டில் வழுக்கல் விளக்கு மின்னும். இன்று சாலை மோசம், மெதுவாகப் போகணும் என்று அப்போதே தெரிந்துவிடும். ஃபோர் வீல் டிரைவில் அந்த எச்சரிக்கை வராது. வண்டி எதுவுமே நடக்காததுபோலக் கிளம்பி அறுபது, எழுபதைத் தொடும். அடுத்த சிக்னலில் சிவப்பு விழுந்து பிரேக்கை மிதிக்கும்போதுதான் சாலை தன் உண்மையான நிலையைக் காட்டும். அதனால் இந்த வண்டி வைத்திருப்பவர்கள் ஒரு பழக்கம் ஏற்படுத்திக்கொள்வது நல்லது. கிளம்பியதும், பின்னால் யாரும் வராத நேரம் பார்த்து, தெருவுக்குள்ளேயே குறைந்த வேகத்தில் பிரேக்கை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கால் மிதியில் கடகடவென்று உதறினால் அன்றைக்குப் பிடிப்பு எவ்வளவு என்பது விளங்கிவிடும்.

உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை

கடையில் எல்லாவற்றையும் ஃபோர் வீல் டிரைவ் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். ஓட்டும் முறை வகைக்கு வகை மாறும் என்பதால் இதைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

பிக்கப் டிரக்குகளிலும் ஜீப் ராங்ளர் மாதிரி வண்டிகளிலும் பெரும்பாலும் இருப்பது பகுதிநேர வகை. சாதாரணமாகப் பின் சக்கரத்தில் மட்டும் ஓடும். லிவரையோ திருகையோ மாற்றினால், டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற பெட்டி முன் அச்சையும் பின் அச்சையும் ஒன்றாகப் பூட்டிவிடும். திருகில் 2எச், 4எச், 4எல் என்று குறித்திருக்கும். 2எச் என்பது இரண்டு சக்கரம், 4எச் நான்கு சக்கரம் சாதாரண வேகத்தில், 4எல் நான்கு சக்கரம் மிகத் தாழ்ந்த கியரில்.

இந்தப் பூட்டில்தான் சூட்சுமம். வண்டி திரும்பும்போது நான்கு சக்கரங்களும் ஒரே தூரம் ஓடுவதில்லை. பள்ளிக்கூட அணிவகுப்பில் நால்வர் வரிசையாகத் திரும்பும்போது உள்ளே இருப்பவன் நின்ற இடத்திலேயே கால் மாற்றுவான், வெளிக்கோடியில் இருப்பவன் எட்டி எட்டி வைப்பான் அல்லவா, அதே கதைதான். ஒரே அச்சில் இருக்கும் இடது, வலது சக்கரங்களுக்கு இந்த வித்தியாசத்தைச் சமாளிக்க டிஃபரன்ஷியல் இருக்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவேயும் வித்தியாசம் உண்டு. முன் சக்கரங்கள் எப்போதும் பெரிய வட்டத்தில் போகும். ஆனால் பகுதிநேர வகையில் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. பனியிலோ மண்ணிலோ ஏதாவது ஒரு சக்கரம் லேசாக வழுக்கிக் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தாரில் வழுக்க முடியாது. முறுக்கம் முழுவதும் கியர்களிலும் ஷாஃப்ட்டிலும் ஏறும். பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பும்போது வண்டி யாரோ பிரேக் பிடிப்பதுபோல இழுத்து இழுத்துத் துள்ளினால் காரணம் இதுதான். அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் பாகங்கள் தேய்ந்து பெரிய செலவில் கொண்டுபோய் விடும்.

முழுநேர வகையில் நடு டிஃபரன்ஷியலும் இருப்பதால் காய்ந்த சாலையிலும் நான்கிலேயே ஓட்டலாம். லேண்ட் ரோவர்களும் டொயோட்டா லேண்ட் க்ரூஸர்களும் இந்த வகைக்குப் பேர்போனவை.

மூன்றாவதாக, இன்று தெருவில் அதிகம் பார்ப்பது, ஆல் வீல் டிரைவ் என்று விற்கப்படும் வகை. இதில் ஓட்டுபவர் தொட வேண்டிய லிவரே இருக்காது. ஹோண்டா சிஆர்வி போன்றவற்றில் வண்டி பெரும்பாலும் முன் சக்கரத்தில் ஓடும். வழுக்கலை உணர்ந்தால் ஒரு கிளட்ச் இறுகிப் பின் சக்கரத்துக்கும் விசையை அனுப்பும். டொயோட்டா ராவ்4 ஹைப்ரிடில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே ஷாஃப்ட்டே கிடையாது, பின் சக்கரத்துக்கென்று தனி மின் மோட்டார். சுபாருவில் நான்கு சக்கரத்துக்கும் எப்போதும் கொஞ்சமாவது விசை போய்க்கொண்டிருக்கும். சாதாரணச் சாலைக் காரிலும் இது உதவும் என்று 1980-இல் ஜெனிவா கண்காட்சியில் வந்த ஆடி குவாட்ரோ காட்டிய பிறகுதான் இந்த வகைக்குப் பெரிய மவுசு வந்தது. குடும்பத்துக்கு ஒரு வண்டி, அதிலேயே வேலை, பிள்ளைகள், கடை எல்லாம் என்றால் இந்த வகையே போதும், தாராளமாகப் போதும்.

சில புதிய பிக்கப்களில் 4ஏ அல்லது ஆட்டோ என்று கூடுதலாக ஒரு நிலை இருக்கும். அது பூட்டுவதற்குப் பதிலாகக் கிளட்ச் வழியாகத் தேவைக்கேற்ப விசை அனுப்பும். பாதிச் சாலை காய்ந்து பாதியில் பனி இருக்கும் நாட்களுக்கு அதுதான் தோது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 4எச் போட்டாலும் நான்கு சக்கரமும் எப்போதும் சேர்ந்து இழுக்கும் என்று உறுதி இல்லை. ஒவ்வொரு அச்சிலும் உள்ள டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் சம விசைதான் கொடுக்கும். ஒரு சக்கரம் ஐஸில் சுழன்றால் மற்றதற்கும் அந்தச் சொற்ப விசைதான் கிடைக்கும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று சுழன்றுகொண்டிருக்க, வண்டி அசையாமல் நிற்பது நடக்கக்கூடியதே. இப்போதைய வண்டிகளில் டிராக்‌ஷன் கன்ட்ரோல் சுழலும் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் பிடித்து விசையை மறுபக்கம் தள்ளிவிடுகிறது. சில வண்டிகளில் டிஃபரன்ஷியலையே பூட்டும் பொத்தான் உண்டு. சேற்றிலும் ஆழப்பனியிலும் மாட்டிக்கொண்டால் மட்டும் அதை அழுத்த வேண்டும். ஓடும் சாலையில் அழுத்தினால் வண்டி திரும்பவே அடம்பிடிக்கும்.

எப்போது போடுவது, எப்போது எடுப்பது

பகுதிநேர வகை வைத்திருப்பவருக்கு இதுதான் தினசரிக் கேள்வி. சாலை முழுக்க வெள்ளையாக மூடியிருக்கிறதா, 4எச் போடுங்கள். பனி வாரும் வண்டி இன்னும் வராத குடியிருப்புத் தெரு, மேடான டிரைவ்வே, ஏரிக்கரை காட்டேஜுக்குப் போகும் மண் சாலை, இங்கெல்லாம் அது வேண்டும். நெடுஞ்சாலையில் உப்பு போட்டு, டயர் ஓடும் தடங்கள் கருப்பாகத் தெரியத் தொடங்கிவிட்டால் எடுத்துவிடுங்கள். பனித் திட்டும் காய்ந்த திட்டும் மாறி மாறி வந்தால்? நேராகப் போகும் நீண்ட சாலையில் முறுக்கம் அதிகம் ஏறாது. அப்படியே கொஞ்ச தூரம் போகலாம். பார்க்கிங், கூர்மையான திருப்பம் என்று வந்ததும் 2எச்-க்கு மாறிவிடுவது நல்லது. மாலின் அடித்தளப் பார்க்கிங்கில் காய்ந்த காங்கிரீட் தரையில் 4எச்-லேயே வளைந்து வளைந்து இடம் தேடுபவர்களைப் பார்த்தால் அந்த வண்டியின் கியர்பெட்டிக்காக எனக்கு வருத்தமாக இருக்கும்.

மாற்றும் விதமும் முக்கியம். 2எச்-லிருந்து 4எச்-க்கு ஓடும்போதே மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் பெரும்பாலான வண்டிகளைச் செய்கிறார்கள். அதற்கான வேக வரம்பு ஒவ்வொரு வண்டியின் கையேட்டிலும் போட்டிருக்கும். ஸ்டியரிங் நேராக இருக்க வேண்டும், ஆக்ஸிலரேட்டரில் கால் லேசாக இருக்க வேண்டும். பின் சக்கரம் பனியில் சுழன்றுகொண்டிருக்கும்போது மட்டும் மாற்றவே கூடாது. வேகமாகச் சுற்றுவதையும் நின்றுகொண்டிருப்பதையும் பட்டென்று ஒன்றாகப் பூட்டினால் பல் உடையும். அதனால் மாட்டிக்கொண்ட பிறகு போடலாம் என்று காத்திருக்காமல், மேடோ ஆழப்பனியோ கண்ணில் பட்டதுமே போட்டுவிடுங்கள். எடுக்கும்போது சில சமயம் டாஷ்போர்டு விளக்கு அணையாது. முறுக்கம் கியரைப் பிடித்துவைத்திருக்கும். கொஞ்ச தூரம் நேராக ஓட்டுங்கள், இல்லையென்றால் சில மீட்டர் ரிவர்ஸ் எடுங்கள், விட்டுவிடும்.

4எல் வேறு ரகம். ராங்ளரின் சாதாரண மாடலில் அது விசையை 2.72 மடங்கும், ரூபிகான் மாடலில் 4 மடங்கும் பெருக்கும். அதே அளவுக்கு வேகம் குறையும். வண்டியை நிறுத்தி அல்லது ஊர்ந்துகொண்டே, கியரை நியூட்ரலில் வைத்துத்தான் பெரும்பாலும் மாற்ற வேண்டும். சாலைப் பயணத்தில் இதற்கு வேலையே இல்லை. பள்ளத்தில் இறங்கிய இன்னொரு வண்டியை இழுக்க, செங்குத்தான பனிச்சரிவில் பிரேக்கைத் தொடாமல் எஞ்சின் பிடியிலேயே மெல்ல இறங்க, அவ்வளவுதான்.

நிறுத்தும் வேலையில் ஃபோர் வீல் டிரைவ் ஒன்றும் சேர்க்காது என்றேன் அல்லவா. சரிவில் இறங்கும்போது மட்டும் ஒரு சின்ன விலக்கு உண்டு. 2எச்-இல் ஆக்ஸிலரேட்டரை விட்டால் எஞ்சின் பிடி பின் சக்கரத்தில் மட்டும் விழும். ஐஸில் அது பின்புறத்தை வழுக்கவிட்டு வண்டியைச் சுற்றிவிடக்கூடும். 4எச்-இல் அந்தப் பிடி நான்கிலும் பரவுவதால் வண்டி நேராக இறங்கும். ஆனாலும் மொத்தப் பிடிப்பு அதே பிடிப்புதான், கூடியதாக நினைக்க வேண்டாம்.

காசு போக வேண்டிய இடம்

ஒரு காரில் முன் சக்கர இயக்கமும் நல்ல வின்டர் டயரும், இன்னொன்றில் ஃபோர் வீல் டிரைவும் சாதாரண ஆல்-சீசன் டயரும் இருந்தால், பனிச்சாலையில் நான் முதல் காரில்தான் ஏறுவேன். இரண்டும் இருந்தால் ரொம்ப நல்லது. இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் யோசனையே வேண்டாம், டயர்.

காரணம் ரப்பர். கோடைக்கும் பொதுவான பருவத்துக்கும் செய்த ரப்பர் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகத் தொடங்கும். மைனஸ் 15-இல் அது தரையைப் பற்றாது. வின்டர் டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் மென்மையாகவே இருக்கும். அதன் மேற்பரப்பில் நுணுக்கமான வெட்டுகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அவைதான் பனியைக் கடித்துப் பிடிப்பவை. வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் மூன்று சிகர மலைக்குள் ஒரு பனித்துகள் வரைந்த குறி இருக்கிறதா என்று பாருங்கள். பனியில் சோதித்துத் தேறிய டயருக்குத்தான் அந்தக் குறி. எம்+எஸ் என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால் அது மேற்பரப்பு வடிவத்தைப் பற்றிய குறிப்பு மட்டுமே, பனிச் சோதனைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வருடம் முழுக்க ஒரே செட் போதும் என்பவர்களுக்கு ஆல்-வெதர் என்று ஒரு ரகம் வருகிறது. அதில் மலைக் குறியும் இருக்கும், நகரத்துக்கு மோசமில்லை. வடக்கே போகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

போடுவது என்றால் நான்கும் போட வேண்டும். முன்னால் மட்டும் இரண்டு வின்டர் டயர் போட்டுவிட்டு ஓட்டினால், வளைவில் முன்பக்கம் பிடிக்க, பின்பக்கம் வழுக்கி, கார் தட்டாமாலை சுற்றிவிடும். ஃபோர் வீல் டிரைவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. தேய்ந்த டயரும் புதிய டயரும் கலந்திருந்தால் சுற்றளவு மாறும், நடுவில் உள்ள கிளட்ச்சோ டிஃபரன்ஷியலோ ஓய்வில்லாமல் அந்த வித்தியாசத்தைத் தின்றுகொண்டே இருக்கும். ஒரு டயர் பஞ்சரானதற்கு நான்கையும் மாற்றச் சொல்லும் மெக்கானிக் எப்போதும் ஏமாற்றுகிறார் என்று அர்த்தம் இல்லை. மேற்பரப்பின் தடிப்பு 4 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் பனிக்கு அந்த டயர் உதவாது. காற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்: வெப்பநிலை ஐந்தாறு டிகிரி இறங்கினால் அழுத்தம் ஒரு பிஎஸ்ஐ இறங்கும். இதமான செப்டம்பரில் நிரப்பிய டயர் ஜனவரிக் கடுங்குளிரில் ஆறேழு பிஎஸ்ஐ குறைந்துபோய் நிற்கும்.

அரசுகள் சட்டம் போட்டிருக்கும் விதத்தைப் பார்த்தாலே எது முக்கியம் என்பது தெரியும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் கட்டாயம்; ஃபோர் வீல் டிரைவ் இருந்தாலும் விலக்கு இல்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைச் சாலைகளில் அக்டோபர் 1-லேயே தொடங்கிவிடும். ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை, ஆனால் வின்டர் டயர் போட்டால் இன்சூரன்ஸ் நிறுவனங்கள் கட்டணத்தில் தள்ளுபடி தந்தாக வேண்டும் என்று 2016 முதல் விதி இருக்கிறது; கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் கொலராடோவின் ஐ-70 மலைப்பாதையில் ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்குக்கூட டயர் தடிப்பு இவ்வளவு இருக்க வேண்டும் என்று அளவு வைத்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் மலைப்பாதையில் ஆர்2 என்ற பலகை வைத்துவிட்டால் எல்லா வண்டியும் சக்கரத்தில் சங்கிலி மாட்ட வேண்டும். ஃபோர் வீல் டிரைவுக்கு மட்டும் விலக்கு, அதுவும் நான்கிலும் பனி டயர் இருந்து, சங்கிலியும் வண்டிக்குள் இருந்தால்தான். ஆர்3 வைத்தால் யாருக்கும் விலக்கு கிடையாது.

ஓட்டும்போது

சாலையில் டயருக்கு இருக்கும் பிடிப்பு ஒரு குறிப்பிட்ட அளவுதான். பிரேக் பிடிக்கவும் திருப்பவும் வேகமெடுக்கவும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். காய்ந்த சாலையில் அது தாராளமாக இருப்பதால் இரண்டை ஒன்றாகச் செய்தாலும் தெரிவதில்லை. பனியில் ஒரு நேரத்தில் ஒன்றுதான். வளைவுக்கு முன்பே, நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் பிரேக்கும் வேண்டாம், ஆக்ஸிலரேட்டரும் வேண்டாம். வெளியே வந்து ஸ்டியரிங் நேரானதும் மெல்ல அழுத்துங்கள். முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் நடுவே காய்ந்த சாலையில் விடுவதைப்போல மூன்று, நான்கு மடங்கு இடைவெளி விடுங்கள். அந்த இடத்தில் யாராவது புகுந்து நிற்பார்கள். கோபப்படாமல் மறுபடி விடுங்கள். வேகத்தைத் தானாகவே ஒரே அளவில் வைத்திருக்கும் க்ரூஸ் கன்ட்ரோலை அணைத்துவிடுங்கள், அதற்கு ஐஸ் தெரியாது.

வண்டி வழுக்கினால், திருப்பியும் திரும்பாமல் நேராகப் போனால், காலை எடுங்கள். ஸ்டியரிங்கை இன்னும் இன்னும் ஒடிப்பது எல்லோருக்கும் வரும் முதல் புத்தி; பலன் இல்லை. கொஞ்சம் தளர்த்தினால் டயர் மறுபடி பற்றும். பின்பக்கம் விலகிச் சுற்றினால், வண்டி போக வேண்டிய திசையைக் கண் பார்க்கட்டும், கை ஸ்டியரிங்கை அந்தப் பக்கம் திருப்பட்டும். 2011 செப்டம்பருக்குப் பின் தயாராகி கனடாவில் விற்கப்பட்ட கார்கள் எல்லாவற்றிலும் நிலைத்தன்மைக் கட்டுப்பாடு உண்டு. அது தனித்தனிச் சக்கரமாகப் பிரேக் பிடித்து உங்களுக்கு உதவும். அவசரத்தில் பிரேக்கை அழுத்தியே வைத்திருங்கள். ஏபிஎஸ் உதறுகிறதே என்று விட்டு விட்டு மிதிப்பது பழைய காலத்துப் பழக்கம்.

மைனஸ் 20-ஐ விட, பூஜ்ஜியத்தைச் சுற்றி ஊசலாடும் நாள்தான் பயப்பட வேண்டியது. கடுங்குளிரில் பனி சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். பூஜ்ஜியத்தில் ஐஸ்மேல் தண்ணீர்ப் படலம் நிற்கும். கண்ணுக்கு ஈரமான தார்போலத் தெரியும் பிளாக் ஐஸ் முதலில் பாலங்களின்மேல் உருவாகும், அடியிலும் குளிர்காற்று ஓடுவதால். சாலைக்குப் போடும் உப்புக்கும் எல்லை இருக்கிறது; மைனஸ் 10, 12-க்குக் கீழே அது சரியாக வேலை செய்யாது, மணல்தான் தூவுவார்கள்.

ஹுரான் ஏரியின் பகுதியான ஜார்ஜியன் வளைகுடாவிலிருந்து வரும் ஸ்குவால் என்ற பனிப்புயல் தனிக்கதை. உறையாத ஏரியின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும் காற்று ஒரு குறுகிய பட்டையாக வந்து கொட்டும். பத்து நிமிடத்துக்கு முன் வெயில் அடித்த சாலையில் முன்னால் போகும் வண்டியின் விளக்குகூடத் தெரியாது. 2024 நவம்பர் கடைசியில் மஸ்கோகாவின் கிரேவன்ஹர்ஸ்ட் பகுதியில் இப்படி ஒரு மீட்டருக்கு மேல் கொட்டி, நெடுஞ்சாலை 11-ஐயே மூட வேண்டியதாயிற்று. அந்த ஆழத்தில் நான்கு சக்கரமும் பயன்படாது. பனி வண்டியின் வயிற்றைத் தொட்டுத் தூக்கிவிட்டால் சக்கரங்கள் தரையைத் தொடாமல் சுற்றும், அவ்வளவுதான். வானிலை எச்சரிக்கையில் ஸ்குவால் என்று போட்டிருந்தால், எந்த வண்டி வைத்திருந்தாலும் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

மாட்டிக்கொண்டால்

முதலில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். சுழலும் டயர் அடியில் உள்ள பனியை உருக்கி ஐஸாக்கிவிடும். பின்பெட்டியில் ஒரு மண்வாரியும் ஒரு பை மணலும் இருக்கட்டும். எஞ்சினை ஓடவிட்டு உள்ளே உட்கார்வதற்கு முன் சைலன்சர் குழாய் வாயில் அடைத்திருக்கும் பனியை வாரிவிடுங்கள். அடைந்திருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும், வாசனையே தெரியாது. இது மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம்.

பிறகு நான்கு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும், வயிற்றுக்கு அடியிலும் பனியை வாருங்கள். ஸ்டியரிங்கை நேராக்குங்கள். 4எச் அல்லது 4எல் போட்டு, மெல்ல முன்னே, மெல்லப் பின்னே என்று ஆட்டி ஆட்டித் தடத்தை நீட்டுங்கள். டிராக்‌ஷன் கன்ட்ரோல் விசையை வெட்டிவிட்டு வண்டியை நகரவிடாமல் செய்தால் அந்த நேரத்துக்கு மட்டும் அணைத்துவைக்கலாம். நகரத் தொடங்கினால் கெட்டியான இடம் வரும்வரை நிறுத்தாதீர்கள்.

வெளியே வந்து நெடுஞ்சாலையைப் பிடித்ததும், 80-ஐத் தொடும்போது ஸ்டியரிங் கடகடவென்று ஆடினால் ஏதோ உடைந்துவிட்டது என்று பதற வேண்டாம். பெரும்பாலும் ரிம்முக்குள் பனி அப்பிக்கொண்டு சக்கரத்தின் சமநிலையைக் கெடுத்திருக்கும். பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி, நான்கு ரிம்களின் உட்புறத்தையும் தட்டிச் சுத்தம் செய்துவிட்டு, சாலை கருப்பாக இருந்தால் திருகை 2எச்-க்கு மாற்றிக்கொண்டு கிளம்புங்கள்.